வளர்ந்த பிறகு ஏடிஹெச்டி மதிப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 36 வயதில் ஏடிஹெச்டி மதிப்பீட்டுக்குப் போனவன். கவனம் ஓரிடத்தில் நிற்காமை, உள்ளுக்குள் ஓயாத பரபரப்பு, யோசிக்கும் முன்பே செய்துவிடும் அவசரம் ஆகியவை சிறுவயது முதலே வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கு இருந்தால், அதற்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர்தான் ஏடிஹெச்டி. நான் போய் வந்தது தெரிந்ததும் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது? எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவன் இல்லை, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இது குழந்தைகளுக்கு வருவதுதானே?

ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் ஆற்றிய உரைகளில் தொடங்கி, பேச்செல்லாம் பிள்ளைகளைப் பற்றியே இருந்தது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. நாற்காலியில் ஏறிக் குதிக்கும் துறுதுறுப்பு பலருக்கு வயதோடு அடங்கிவிடுவது உண்மைதான். கவனச் சிதறலும், ஒரு காரியத்தைத் தொடங்கவே முடியாத அந்தத் தவிப்பும் அவ்வளவு சுலபத்தில் போவதில்லை.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேட்டில் பெரியவர்களுக்கென்று தனிக் கணக்கு வந்தது. அதில் கவனம் சார்ந்த அறிகுறிகள் 9, பரபரப்பும் அவசரமும் சார்ந்தவை 9. குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு பட்டியலில் 6 இருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்களுக்கு 5 போதும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பெரியவர்களில் நூற்றுக்கு 2 முதல் 3 பேருக்கு இது இருக்கிறது.

ஆனால் ஒன்று. முப்பது வயதில் இது புதிதாக முளைக்காது. முன்பே இருந்தது இப்போதுதான் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

எனக்கும்தான் சாவி தொலைகிறது. இது எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்?

இருக்கும். ரத்த அழுத்தமும் எல்லோருக்கும்தான் இருக்கிறது. எந்த அளவைத் தாண்டுகிறது, எத்தனை நாளாகத் தாண்டுகிறது, அதனால் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதில்தானே விஷயம் இருக்கிறது?

என் கதையையே சொல்கிறேன். மின் கட்டணம் கட்ட வேண்டும். பணம் கணக்கில் இருக்கும், போன் கையில் இருக்கும், கடைசித் தேதி மண்டைக்குள் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு நிமிட வேலை. கட்ட மாட்டேன். மறதி இல்லை, ஞாபகம் இருந்தே கட்ட மாட்டேன். ஒரு வருடத்தில் 11 மாதம் அபராதத்தோடு கட்டியிருக்கிறேன். இதை வெளியில் சொன்னால் சோம்பேறி என்பார்கள். எனக்கே நான் அப்படித்தான் பெயர் வைத்திருந்தேன்.

அறிகுறிகள் குறைந்தது 6 மாதமாக இருக்க வேண்டும், வீடு, வேலை, உறவு என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், அவற்றால் வாழ்க்கைக்கு நிஜமான சேதம் இருக்க வேண்டும் என்கிறது கையேடு. அலுவலகத்தில் மட்டும் கவனம் போகிறது, மற்றபடி எல்லாம் சுகம் என்றால், முதலில் அந்த வேலையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

யாரிடம் போக வேண்டும்?

மனநல மருத்துவரிடம், அல்லது இதில் பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளரிடம். உளவியலாளர் மதிப்பீடு செய்யலாம். மருந்து எழுத பெரும்பாலான இடங்களில் மருத்துவர்தான் வேண்டும்.

நேரம் வாங்குவதற்கு முன் போனிலேயே நான்கு கேள்விகள் கேட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி மதிப்பீடு செய்வீர்களா? எத்தனை அமர்வு? குடும்பத்தில் யாரிடமாவது பேசுவீர்களா? முடிவை எழுத்தில் தருவீர்களா? எல்லா மனநல மருத்துவர்களுக்கும் இதில் அனுபவம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நான் முதலில் பார்த்தவர் என் படிப்பைக் கேட்டார், சொன்னேன். "பட்டம் வாங்கியிருக்கிறீர்கள், அப்புறம் எப்படி ஏடிஹெச்டி இருக்கும்?" என்று சிரித்து அனுப்பிவிட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதே பத்து நிமிடத்தில் "ஆமாம், உங்களுக்கு இருக்கிறது" என்று ஒருவர் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

இணையத்தில் ஒரு வினாத்தாள் போட்டுப் பார்த்தேன். இருக்கிறது என்று வந்தது. போதாதா?

உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஏஎஸ்ஆர்எஸ் என்ற வினாத்தாளாக இருந்தால் நல்லதுதான். மொத்தம் 18 கேள்விகள். முதல் 6 கேள்விகளில் 4-க்காவது பதில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், மேற்கொண்டு பார்ப்பது நல்லது என்று அர்த்தம். அதற்கு மேல் அர்த்தம் கிடையாது.

அதைச் சல்லடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் சரியாகத் தூங்காதவரும் அதில் மாட்டுவார், மனச்சோர்வில் இருப்பவரும் மாட்டுவார், கைக்குழந்தையின் தாயும் மாட்டுவார். யாரை எதற்காகப் பிடித்தது என்று சல்லடைக்குத் தெரியாது. நிமிட வீடியோ பார்த்து "அச்சு அசல் நான்தான்" என்று தோன்றுவதும் இதே கதைதான். தோன்றியது என்று மருத்துவரிடம் தாராளமாகச் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன்?

ஏடிஹெச்டியைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்துகிறோம் என்று யாராவது பெரிய தொகை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ரத்தம் எடுக்கச் சொன்னால் அது தைராய்டு, ரத்தசோகை போன்றவை இல்லை என்று உறுதிசெய்துகொள்வதற்காக இருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள்.

சில இடங்களில் கணினி முன் உட்கார வைத்து, ஒரு குறிப்பிட்ட எழுத்து வரும்போது மட்டும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். கால் மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலே ஓடும். நான் அதில் பிரமாதமாகச் செய்தேன். புது விளையாட்டு, எதிரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், மதிப்பெண் வேறு உண்டு. இதைவிட என்ன வேண்டும்? இந்தச் சோதனையை மட்டும் வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ முடிவு கட்டக் கூடாது என்பதற்கு நானே சாட்சி.

அந்த அறைக்குள் என்னதான் நடக்கும்?

பேச்சுதான். நிறையப் பேச்சு.

பல இடங்களில் டிவா என்ற நேர்காணல் முறையைப் பின்பற்றுகிறார்கள். நெதர்லாந்தில் உருவானது. கையேட்டில் உள்ள 18 அறிகுறிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு முறை கேட்பார்கள்: இப்போது எப்படி, சிறுவயதில் எப்படி. அப்புறம் வேலை அல்லது படிப்பு, குடும்பம், வெளிப்பழக்கம், ஓய்வு நேரம், தன்னம்பிக்கை என்று ஐந்து இடங்களில் இது என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நேர்காணலுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். எனக்கு இரண்டு நாளாகப் பிரித்தார்கள்.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதல் அரை மணி நேரம் நான் சொன்னதெல்லாம் பட்டங்கள்: "நான் கொஞ்சம் மறதிக்காரன்", "ஒழுங்கு கிடையாது", "பொறுமை கம்மி". மருத்துவர் எழுதிக்கொண்டே இருந்தவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சரி, கடைசியாக எப்போது?"

"என்ன கடைசியாக?"

"மறந்தது."

யோசித்தேன். அன்று காலையில்தான். அடுப்பில் பால் வைத்துவிட்டு, பாத்திரம் எடுக்கத் திரும்பியவன், அலமாரிக் கதவு ஆடுகிறதே என்று ஸ்க்ரூடிரைவர் தேடிப் போனேன். தேடிய இடத்தில் பழைய கேமரா கிடைத்தது. அதற்கு பேட்டரி இன்னும் விற்கிறார்களா என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது தீய்ந்த வாசனை வந்தது. அந்தப் பாத்திரம் அந்த மாதத்தில் மூன்றாவது. அதைச் சொன்னதும் அவர் மறுபடி பேனாவை எடுத்து, நான் அரை மணி நேரம் சொன்னதைவிட அதிகமாக எழுதினார்.

"மறதிக்காரன்" என்று ஊரில் எல்லோரும் தன்னைச் சொல்லிக்கொள்வார்கள். மூன்றாவது பாத்திரம் எல்லோருக்கும் கிடையாது. நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே அறிவுரை இதுதான்: பட்டங்களை வீட்டில் வைத்துவிட்டு, சம்பவங்களோடு போங்கள்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

இரண்டு வாரம் போனில் குறித்து வையுங்கள். என்ன நடந்தது, என்ன நஷ்டம், அன்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். இப்போது சாப்பிடும் மருந்துகளின் பெயர், முன்பு மனநலச் சிகிச்சை எடுத்திருந்தால் அந்தச் சீட்டு, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்ற விவரம். பழைய பள்ளி மதிப்பெண் அட்டை கிடைத்தால் பொக்கிஷம். மதிப்பெண்ணுக்காகக் கேட்பதில்லை, ஓரத்தில் ஆசிரியர் எழுதிய ஒரு வரிக்காக. என் ஐந்தாம் வகுப்பு அட்டையில் "திறமை உண்டு, முயற்சி இல்லை" என்று இருந்தது. ஏழாம் வகுப்பிலும் கிட்டத்தட்ட அதே வரி, வேறு கையெழுத்து.

முடிந்தால், கூட வாழும் ஒருவரை அழைத்துப் போங்கள். நாம் "எப்போதாவது" என்போம், பக்கத்தில் இருப்பவர் தொண்டையைச் செருமுவார்.

முன்கூட்டியே நிரப்பச் சொல்லி ஒரு கட்டுப் படிவம் அனுப்புவார்கள். அது என் மேசையில் மூன்று வாரம் கிடந்தது. கவனம் நிற்காதவர்களிடம் பக்கம் பக்கமாகப் படிவம் கொடுக்கும் யோசனை யாருக்கு வந்ததோ தெரியவில்லை. ஒரு நண்பரை எதிரில் உட்கார வைத்து, அவர் வாசிக்க வாசிக்க நிரப்புங்கள். நான் கடைசியில் அப்படித்தான் முடித்தேன்.

சிறுவயது சரியாக ஞாபகமே இல்லை. பெற்றோரை அழைத்துவர வேண்டுமா?

12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும் என்பது விதி. 1994-இல் வந்த முந்தைய கையேட்டில் 7 வயது என்று இருந்தது, அதைத்தான் தளர்த்தினார்கள். சிறுவயதிலேயே யாராவது கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பதில்லை, அறிகுறி இருந்ததற்குத் தடயம் இருந்தால் போதும்.

பெற்றோர் வந்தால் உதவிதான். இல்லாவிட்டாலோ, அவர்களிடம் சொல்லப் பிடிக்காவிட்டாலோ, அண்ணன், அக்கா, பள்ளித் தோழர் யாரும் சொல்லலாம். யாருமே இல்லையென்றாலும் உங்கள் நினைவை வைத்து மதிப்பிடுவார்கள். பெற்றோர் இல்லாததால் திருப்பி அனுப்புவது சரியில்லை.

பெற்றோர் சொல்வதையும் கொஞ்சம் கிளறித்தான் எடுக்க வேண்டும். என் அம்மாவிடம் போனில் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ ரொம்ப சமத்து. ஒரு புத்தகத்தக் கொடுத்தா சாப்பாடே மறந்து உட்கார்ந்திருப்ப."

"பொருள் எதையும் தொலைச்சதில்லையாம்மா?"

"அது எல்லாப் பிள்ளையும் தொலைக்கிறதுதான். நாலாவது படிக்கும்போது பென்சில் டப்பா மட்டும் ஏழு வாங்கிக் கொடுத்தேன். வேற ஒண்ணும் இல்ல."

இதைச் சொன்னபோது மருத்துவர் அந்த ஏழு டப்பாக்களைக் குறித்துக்கொண்டார். சாப்பாடு மறந்து படித்ததையும் சேர்த்துத்தான். பிடித்த விஷயத்தில் மூழ்கிப்போவதும், பிடிக்காததில் ஒரு நிமிடம் நிற்க முடியாததும் ஒரே ஆளிடம் இருக்கும். கவனம் இருக்கிறது, அதை வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் நம் கையில் இல்லை.

நன்றாகப் படித்தேன், நல்ல வேலையில் இருக்கிறேன். என்னை நம்புவார்களா?

நல்ல மருத்துவர் விளைவைப் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார், அதற்குக் கொடுத்த விலையையும் கேட்பார். மற்றவர் மூன்று மணி நேரத்தில் முடிப்பதை விடிய விடிய உட்கார்ந்து முடித்தீர்களா? பயம் வந்தால்தான் வேலை ஓடுகிறதா? பள்ளியில் மணி அடிக்கும், வீட்டில் அம்மா எழுப்புவார், எல்லாம் நடந்துவிடும். தனியாக வாழத் தொடங்கும்போதோ, குழந்தை பிறந்த பிறகோ, தாங்கிப் பிடித்த அந்தச் சாரம் சரியும், கட்டடம் தானாக நிற்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும். பலர் மதிப்பீட்டுக்கு வருவது அந்தக் கட்டத்தில்தான்.

பெண்களுக்கு ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது?

ஜன்னலைப் பார்த்துக் கனவு காணும் பெண்குழந்தை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. பெஞ்சில் ஏறும் பையனைத்தான் தலைமையாசிரியர் கூப்பிடுவார். சிறுவயதில் கண்டறியப்படுபவர்களில் பையன்களே அதிகம். பெரியவர்களில் அந்த இடைவெளி நன்றாகக் குறைந்துவிடுகிறது. அதாவது இத்தனை பெண்கள் நடுவில் கணக்கில் வராமல் போயிருக்கிறார்கள். பலருக்கு அதற்குள் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ வருடக்கணக்கில் சிகிச்சை நடந்திருக்கும்.

பிள்ளைக்கு மதிப்பீடு செய்யக் கூட்டிப்போன இடத்தில், கேள்விகளைக் கேட்டுக்கொண்டே "இது நான்தானே" என்று திகைக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் நிறைய. வியப்பில்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், இதில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை வருகிறது.

மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை எல்லாம் இதே மாதிரிதானே இருக்கும்? எப்படிப் பிரிப்பார்கள்?

மதிப்பீட்டில் கஷ்டமான பகுதி இதுதான். அதனால்தான் அவசரப்படுபவர்களை நம்பாதீர்கள் என்கிறேன்.

முக்கியமான துப்பு, காலம். மனச்சோர்வுக்கு ஒரு தொடக்கம் இருக்கும். "அந்த வருடத்துக்கு முன்னால் நான் இப்படி இல்லை" என்பார்கள். மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு அலை அலையாக வரும், நடுவில் அடங்கும். ஏடிஹெச்டிக்கு முன்-பின் கிடையாது, நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். குறட்டையோடு மூச்சு தடைபட்டுத் தூக்கம் கெட்டாலும் பகலில் கவனம் போகும். தைராய்டும் படுத்தும். இவற்றில் ஒன்று இருந்தால் ஏடிஹெச்டி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டும் சேர்ந்தே இருப்பது சகஜம்.

இருமுனைக் கோளாறைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். ஏடிஹெச்டிக்கான ஊக்க மருந்துகள் அதைக் கிளப்பிவிடலாம். மது, கஞ்சா எதுவாக இருந்தாலும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

உறுதியானால் மாத்திரை கட்டாயமா?

இல்லை. ஆனால் பலருக்கு நல்ல பலன் தருவது அதுதான். மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் வகைகள் ஊக்க மருந்துகள். வேலை செய்தால் அன்றைக்கே தெரியும். அட்டோமாக்ஸெட்டின் வேறு வகை, முழுப் பலனுக்குப் பல வாரம் பொறுக்க வேண்டும். தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் பார்ப்பார்கள், குறைந்த அளவில் ஆரம்பித்துக் கூட்டுவார்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது அந்த எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும், பெரியவர்களுக்கென வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் உதவும், தனியாகவோ மருந்தோடு சேர்த்தோ.

மெத்தில்ஃபெனிடேட்டுக்கு ஒரு பழங்கதை உண்டு. 1944-இல் சீபா என்ற மருந்து நிறுவனத்தில் அதை முதலில் தயாரித்த லியாண்ட்ரோ பனிசோன், தன் மனைவி ரீட்டாவின் பெயரால் அதற்கு ரிட்டாலின் என்று பெயர் வைத்தார். டென்னிஸ் ஆடப் போகும் முன் அந்த அம்மையார் ஒன்று போட்டுக்கொள்வாராம்.

அதிலேயே இன்னொரு கேள்விக்கும் பதில் இருக்கிறது. "நண்பனுடைய மாத்திரையைப் போட்டுப் பார்த்தேன், கவனம் நன்றாக நின்றது, அப்படியானால் எனக்கும் இருக்கிறதா?" இல்லை. ஏடிஹெச்டி இல்லாதவருக்கும் இந்த மருந்து விழிப்பைக் கூட்டும். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, இதயத்துக்கு ஆபத்தாகவும் முடியலாம். பல நாடுகளில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். உங்களுக்கே எழுதித் தந்தாலும், வெளிநாடு போகும் முன் அங்கே அனுமதி உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

இல்லை என்று சொல்லிவிட்டால்?

"அப்படியானால் வேறு என்ன?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத "இல்லை" முழுமையானது இல்லை. எந்த அளவுகோலில் பொருந்தவில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். திருப்தி இல்லையென்றால் இன்னொருவரிடம் கருத்துக் கேட்கலாம். ஐந்தாவது, ஆறாவது என்று "ஆம்" வரும்வரை தேடிப்போவது வேறு கதை. என் நண்பர் ஒருவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது தெரிந்து, அதற்கான கருவியை மாட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்தார். இரண்டே மாதத்தில் ஆள் மாறிவிட்டார். மதிப்பீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா?

கட்டாயமில்லை. என்ன சலுகை தேவை என்று தெளிவாகத் தெரிந்தால் சொல்லலாம். வெறுமனே சொல்லிவிட்டு வருவதால் பயனில்லை. நான் பெயரைச் சொல்லவே இல்லை. "வாய்மொழியாகச் சொல்வதை மின்னஞ்சலிலும் போட்டுவிடுங்கள்" என்று மட்டும் கேட்டேன், கிடைத்தது.

தெரிந்ததும் நிம்மதியாக இருந்ததா?

முதல் இரண்டு நாள் மிதந்தேன். சோம்பேறி இல்லை, திமிர் இல்லை, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று. மூன்றாம் நாள் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கைவிட்ட படிப்பு, முறிந்த ஒரு நட்பு, கட்டிய அபராதம் எல்லாவற்றையும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இப்படி ஆகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், அதனால் பயப்படவில்லை.

அந்த வாரக் கடைசியில் அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் துண்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அப்போ அந்தப் பென்சில் டப்பா..."

"ஆமாம்மா."

"அஞ்சாவது டப்பாவுக்கு உன்ன அடிச்சேன்டா."

"எனக்கு ஞாபகமே இல்லம்மா," என்றேன். நன்றாக ஞாபகம் இருந்தது.